புதிர் ஜியோகேச்சிங்

புதிர் ஜியோகேச்சிங் என்பது, புவியிடங்காட்டிக் (ஜிபிஎஸ்) கருவியின் துணையுடன் மறைத்துவைக்கப்பட்ட பெட்டிகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஜியோகேச்சிங் என்னும் வெளிப்புற விளையாட்டின் ஒரு வகை ஆகும். சாதாரண ஜியோகேச்சிங்கில் பெட்டி இருக்கும் இடத்தின் ஆள்கூறுகள் நேரடியாகவே தரப்படும். புதிர் வகையில் அவை தரப்படுவதில்லை. வீட்டிலிருந்தபடி ஒரு புதிரை விடுவித்தோ, ஒரு பாதை வழியே நடந்து ஆங்காங்கே காணப்படும் எண்களையும் எழுத்துக்களையும் திரட்டிக் கணக்கிட்டோ தேடுபவரே ஆள்கூறுகளைப் பெறவேண்டும். இவ்விரண்டாம் முறை இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் சிறப்பாக வளர்ந்துள்ளது. அங்கு ஒரு சிற்றூரில் தொடங்கி வயல்களையும் காடுகளையும் சுற்றி மீண்டும் அதே ஊரில் முடியும் வட்ட நடைகளாக இவை அமைக்கப்படுகின்றன.

பெயர்

ஜியோ என்பது புவியைக் குறிக்கும் கிரேக்க வேர்ச்சொல். கேச் என்பது பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பயணிகளும் வேட்டைக்காரர்களும் பின்னர் எடுத்துக்கொள்வதற்காக உணவையும் கருவிகளையும் ஒளித்துவைத்த இடத்தை அது குறித்தது. கணினித் துறையினருக்குப் பழக்கமான கேச் நினைவகம் என்பதிலுள்ள கேச்சும் இதுவே. 2000 ஆம் ஆண்டு மே 30 அன்று மாட் ஸ்டம் என்பவர் ஒரு மின்னஞ்சல் குழுவில் இவ்விரு சொற்களையும் சேர்த்து ஜியோகேச்சிங் என்ற பெயரை முன்மொழிந்தார். தமிழில் இதற்கு நிலைபெற்ற சொல் எதுவும் இல்லை. இக்கட்டுரையில் மறைத்துவைக்கப்படும் கொள்கலன் புதையற்பெட்டி அல்லது பெட்டி எனக் குறிப்பிடப்படுகிறது.

வரலாறு

இவ்விளையாட்டின் மூதாதை செயற்கைக்கோள்களுக்கு நூறாண்டுகளுக்கும் முற்பட்டது. தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன் பகுதியில் டார்ட்மூர் என்ற பரந்த மேட்டுநிலம் உள்ளது. அதன் வடபகுதியில், எந்தச் சாலைக்கும் எட்டாத சதுப்பின் நடுவே கிரான்மியர் பூல் என்ற பள்ளம் இருக்கிறது. சாக்ஃபோர்டு ஊரைச் சேர்ந்த வழிகாட்டியான ஜேம்ஸ் பெரட் 1854 இல் அங்கு ஒரு புட்டியை வைத்தார். அவ்வளவு தொலைவு நடந்து வந்தவர்கள் அதனுள் தங்கள் பெயர்ச்சீட்டைப் போட்டுச் சென்றனர். பின்னர் வந்தவர்கள் தம் முகவரி எழுதிய அஞ்சலட்டைகளை விட்டுச்சென்றனர். அடுத்து வருபவர் அவற்றை எடுத்துச் சென்று அஞ்சலில் சேர்ப்பார். இதனாலேயே இப்பழக்கத்துக்கு லெட்டர்பாக்சிங் என்ற பெயர் ஏற்பட்டது. காலப்போக்கில் டார்ட்மூர் முழுவதும் இத்தகைய பெட்டிகள் பெருகின. ஒவ்வொன்றிலும் ஒரு இரப்பர் முத்திரையும் ஒரு குறிப்பேடும் வைக்கப்பட்டன. திசைகாட்டிக் கோணம், பாறைகளின் பெயர், அடிக்கணக்கு போன்ற குறிப்புகளைக் கொண்டே இவற்றைக் கண்டுபிடிக்கவேண்டும். 1998 இல் சிமித்சோனியன் இதழில் வெளியான கட்டுரை ஒன்றின் மூலம் இப்பழக்கம் ஐக்கிய அமெரிக்காவில் பரவியது.

மறுபுறம், புவியிடங்காட்டி அமைப்பு அமெரிக்கப் படைத்துறையால் உருவாக்கப்பட்டது. பொதுமக்களுக்குக் கிடைத்த அலைக்குறிப்பில் வேண்டுமென்றே பிழை சேர்க்கப்பட்டிருந்தது. இதனால் ஏறத்தாழ 100 மீட்டர் வரை இடம் தவறக்கூடும். 2000 மே 1 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பில் கிளின்டன் இப்பிழை நீக்கப்படுவதாக அறிவித்தார். அன்று நள்ளிரவுடன் துல்லியம் பன்மடங்கு உயர்ந்தது. மே 3 அன்று டேவ் உல்மர் என்ற கணினித்துறை வல்லுநர் ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் அருகே ஒரு கறுப்பு வாளியை வைத்து அதன் ஆள்கூறுகளை இணையச் செய்திக் குழு ஒன்றில் வெளியிட்டார. வாளியில் மென்பொருள், நூல்கள், சிறிது பணம், ஒரு கவண், அவரைக்கொட்டை அடைத்த தகரக் குப்பி ஆகியன இருந்தன. எதையாவது எடுத்தால் எதையாவது வைக்கவேண்டும், குறிப்பேட்டில் எழுதவேண்டும் என்பதே அவர் விதித்த விதி. மூன்றே நாட்களில் இருவர் அதைக் கண்டுபிடித்துவிட்டனர். அவர்களுள் மைக் டீக் என்பவர் இத்தகைய இடங்களின் பட்டியலைத் தொகுக்கத் தொடங்கினார். அதே ஆண்டு செப்டம்பர் 2 அன்று ஜெரமி ஐரிஷ் தொடங்கிய இணையத்தளம் அப்போது உலகில் அறியப்பட்டிருந்த 75 பெட்டிகளுடன் வெளிவந்தது. இன்று உலகெங்கும் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் உள்ளன.

ஐரோப்பாவின் முதற்பெட்டி 2000 சூனில் அயர்லாந்தின் பிரே ஹெட் குன்றில் வைக்கப்பட்டது. பிரித்தானியாவில் விளையாட்டு காலூன்றத் தொடங்கிய நேரத்தில், 2001 பிப்ரவரியில், கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவியது. நாட்டுப்புறப் பாதைகள் பல மாதக்கணக்கில் மூடப்பட்டன. அவை மீண்டும் திறக்கப்பட்ட பின்னரே நடைகளுடன் கூடிய பெட்டிகள் பெருகின.

வகைகள்

ஒரே இடத்தைக் குறிக்கும் வழக்கமான பெட்டியைத் தவிர, பல நிலைகள் கொண்டதும் புதிர் கொண்டதும் தனித்தனி வகைகளாகப் பதியப்படுகின்றன. பல நிலைப் பெட்டியில் முதல் ஆள்கூறு உண்மையானது. அங்கு கிடைக்கும் தகவல் இரண்டாம் இடத்துக்கும், அது மூன்றாம் இடத்துக்கும் இட்டுச்செல்லும். புதிர்ப் பெட்டிக்கு வரைபடத்தில் காட்டப்படும் புள்ளி பெரும்பாலும் வெற்றிடமே. உண்மையான பெட்டி அப்புள்ளியிலிருந்து பொதுவாக 2 மைல் (3.2 கிமீ) தொலைவுக்குள் இருக்கவேண்டும் என்பது விதி. வட்ட நடைகளில் இவையிரண்டும் கலந்துவருவது உண்டு. வழியிலுள்ள ஒவ்வொரு பெட்டியின் மூடிக்குள்ளும் ஓர் எண் எழுதப்பட்டிருக்கும். அனைத்தையும் திரட்டியவர் மட்டுமே இறுதியிலுள்ள மிகைப்பெட்டியை அடையமுடியும். இரு பெட்டிகளுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர், அதாவது பத்தில் ஒரு மைல், இடைவெளி தேவை.

ஒவ்வொரு பெட்டிக்கும் இரு மதிப்பீடுகள் உண்டு: ஒன்று கண்டுபிடிப்பதன் கடினம், மற்றது நிலத்தின் கடினம். இரண்டும் 1 முதல் 5 வரை, அரை அரையாக உயர்கின்றன. ஒவ்வொன்றிலும் 9 படிகள் என்பதால் மொத்தம் 81 சேர்க்கைகள் கிடைக்கும். இந்த 81 கட்டங்களையும் நிரப்புவதையே வாழ்நாள் இலக்காகக் கொண்டவர்களும் இருக்கிறார்கள். புதிர் நடைக்குக் கிளம்புபவர் இரண்டு எண்களையும் சேர்த்தே பார்க்கவேண்டும். புதிர் எளிது என்பதால் பாதையும் எளிதாக இருக்கும் எனக் கொள்ளலாகாது.

புதிர்கள்

மோர்சு குறி, பிரெய்ல் புள்ளிகள், கொடிச் சைகை, சுடோக்கு, குறுக்கெழுத்து, படக் கோப்பினுள் ஒளித்த எண்கள் எனப் புதிர்களுக்கு எல்லையில்லை. பழைய மறையீடுகளில் ஒன்று சீசர் மறையீடு. உரோமின் யூலியசு சீசர் தம் மடல்களில் ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக மூன்று இடம் தள்ளிவரும் எழுத்தைப் பயன்படுத்தியதாகச் சொல்லப்படுகிறது. ஜியோகேச்சிங் பக்கங்களில் துணைக்குறிப்புகள் 13 இடம் தள்ளி எழுதப்படுகின்றன. ஆங்கில நெடுங்கணக்கில் 26 எழுத்துக்கள். 13 அதில் சரிபாதி. ஆகவே ஒருமுறை தள்ளினால் மறையும். அதே செயலை மறுமுறை செய்தால் வெளிப்படும். மறைக்கவும் திறக்கவும் ஒரே அட்டவணை போதும். தமிழில் 12 உயிரெழுத்துக்களை 6 இடமும் 18 மெய்யெழுத்துக்களை 9 இடமும் தள்ளினால் இதே பண்பு கிடைக்கும்: அ என்பது எ ஆகும், எ மீண்டும் அ ஆகும், க் என்பது ம் ஆகும், ம் மீண்டும் க் ஆகும். இரகசியம் காப்பது இதன் நோக்கமன்று. குறிப்பைப் பார்க்க விரும்பாதவர் கண்ணில் அது தற்செயலாகப் பட்டுவிடக்கூடாது என்பதே நோக்கம்.

நாட்டுப்புற நடைக்கு ஏற்ற புதிர்கள் பெரும்பாலும் இவ்வளவு சிக்கலானவை அல்ல. கைப்பேசி அலை எட்டாத பள்ளத்தாக்கில், மழையில், கையுறையுடன் நின்று விடை காணவேண்டியிருப்பதால் எண்ணிப்பார்த்தல், கூட்டல், கழித்தல் ஆகியவையே போதுமானவை.

ஓர் எடுத்துக்காட்டு

கீழ்வருவது விளக்கத்துக்காக உருவாக்கப்பட்ட கணக்கு. உண்மையான பெட்டி எதையும் குறிப்பதன்று. தொடக்கப் புள்ளி வடக்கு 51° 12.000, மேற்கு 000° 24.000 எனக் கொள்வோம். இது இலண்டனுக்குத் தென்மேற்கே சர்ரே குன்றுகளில் உள்ள பகுதி. இங்கு பாகையும் (டிகிரி), கலையின் (நிமிடத்தின்) பதின்மக் கூறும் சேர்த்து எழுதப்பட்டுள்ளன. ஜியோகேச்சிங்கில் பெரிதும் வழங்கும் முறை இதுவே.

நடப்பவர் ஐந்து எண்களைத் திரட்டவேண்டும். தேவாலயத்தை அடுத்த வேலியைத் தாண்ட அமைந்த மரப்படிகளின் எண்ணிக்கை க. ஊர் நடுவிலுள்ள நீரிறைப்பியில் செதுக்கிய ஆண்டின் இலக்கங்களை ஓரிலக்கமாகும்வரை கூட்டி வருவது ச. பழைய மைல்கல்லில் அடுத்த ஊருக்குக் காட்டிய தொலைவு ட. சுவரில் பதித்த அஞ்சற்பெட்டி எந்த அரசர் காலத்தது என்பது த: விக்டோரியா என்றால் 1, ஏழாம் எட்வர்டு என்றால் 2, ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 3. வயல் வாயிற்கதவின் குறுக்குச் சட்டங்கள் ப. (பிரித்தானிய அஞ்சற்பெட்டிகளில், அவை நிறுவப்பட்ட காலத்து அரசரின் பெயரெழுத்துக்கள் பொறிக்கப்படுவது வழக்கம். அரசர் மாறினாலும் பழைய பெட்டிகள் மாற்றப்படுவதில்லை என்பதால் புதிர் அமைப்போருக்கு இவை மிகவும் பிடித்தமானவை. மூன்றாம் சார்லசின் எழுத்துக்கள் கொண்ட முதற்பெட்டி 2024 இல் வந்தது.)

படிகள் 3. நீரிறைப்பியில் 1897, அதாவது விக்டோரியா அரசியின் வைரவிழா ஆண்டு; 1+8+9+7=25, 2+5=7. மைல்கல்லில் 5. அஞ்சற்பெட்டி ஏழாம் எட்வர்டு காலத்தது, எனவே 2. கதவில் 5 சட்டங்கள். இறுதி இடத்துக்கான வாய்பாடு: வடக்குக் கலையின் பதின்ம இலக்கங்கள் க, ச, த, மேற்குக் கலையின் பதின்ம இலக்கங்கள் ட−த, ப, ச−க. ஆகவே விடை வடக்கு 51° 12.372, மேற்கு 000° 24.354. இது தொடக்கப் புள்ளியிலிருந்து 689 மீட்டர் வடக்கும் ஏறத்தாழ 412 மீட்டர் மேற்கும் ஆகும். நேர்கோட்டில் சுமார் 800 மீட்டர். பாதை சுற்றிச் செல்வதால் நடை அதைவிடப் பல மடங்கு நீளலாம்.

விடை சரியா எனத் தெரிந்துகொள்ள, எல்லா இலக்கங்களின் கூட்டுத்தொகை தரப்படுவது வழக்கம். இங்கு வடக்கில் 21, மேற்கில் 18, மொத்தம் 39. இச்சோதனையை முழுமையாக நம்பக்கூடாது என்பதற்கு இதே கணக்கு சான்று. ஒருவர் மேற்படியை விட்டுவிட்டு படிகள் 2 என எண்ணினார் எனக் கொள்வோம். விடை 12.272, 24.355 என ஆகும். வடக்கில் ஒன்று குறைந்து மேற்கில் ஒன்று கூடியதால் மொத்தம் அதே 39. சோதனை சரி என்கிறது; நடப்பவரோ 185 மீட்டர் தெற்கே, பெட்டியே இல்லாத இடத்தில் புதரைக் கிளறிக்கொண்டிருப்பார். க என்ற எண் வாய்பாட்டில் ஒருமுறை கூட்டலாகவும் ஒருமுறை கழித்தலாகவும் வந்ததே காரணம். ஓர் இடத்தில் மட்டும் வந்திருந்தால் பிழை பிடிபட்டிருக்கும். இரு இலக்கங்கள் இடம்மாறினாலும் கூட்டுத்தொகை அதைக் காட்டாது. இக்குறையைத் தவிர்க்கவே நூல்களுக்கான பத்திலக்க ஐஎஸ்பிஎன் எண்ணில் ஒவ்வோர் இலக்கமும் வெவ்வேறு எண்ணால் பெருக்கப்பட்டு, 11 ஆல் வகுத்துச் சரிபார்க்கப்பட்டது. புதிர் அமைப்பவர் வெளியிடுமுன் ஒவ்வோர் எண்ணையும் ஒன்று கூட்டியும் குறைத்தும் பார்ப்பது நன்று.

ஆள்கூறுகளில் நேரும் பிழைகள்

அகலாங்கில் (அட்சரேகை) ஒரு கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு 1.85 மீட்டர். நெட்டாங்கில் (தீர்க்கரேகை) இது நடுக்கோட்டில் மட்டுமே அவ்வளவு; துருவத்தை நோக்கிச் செல்லச் செல்லச் சுருங்கி, 51° வடக்கில் சுமார் 1.16 மீட்டராகிறது. கருவியின் பிழையோ மரங்களடியில் 5 முதல் 10 மீட்டர் வரை இருக்கலாம். ஆகவே கருவி சுழியம் எனக் காட்டும் இடத்தில் நின்றுகொண்டு காலடியில் மட்டும் தேடுவது வீண். கருவியைப் பையில் வைத்துவிட்டு, தான் ஒளிப்பதாக இருந்தால் எங்கே ஒளிப்போம் என்று சுற்றிலும் பார்ப்பதே பழக்கப்பட்டவர்களின் முறை.

இதைவிடப் பெரிய பிழை எழுதும் முறையைக் குழப்பிக்கொள்வது. மேலே கண்ட 51° 12.372 கலை என்பதைப் பாகையாக மட்டும் எழுதினால் 51.2062°. அதனை 51.12372° எனத் தட்டியவர் சுமார் 9 கிலோமீட்டர் தெற்கே அனுப்பப்படுவார். புவியுரு அடிப்படையும் கவனிக்கத்தக்கது. புவியிடங்காட்டி பயன்படுத்தும் அடிப்படையும் பிரித்தானிய நிலவரைபடங்களின் பழைய அடிப்படையும் ஒன்றல்ல. கிரீனிச்சில் தரையில் பதித்த சுழியக் கோட்டின்மேல் கருவியுடன் நின்றால் அது சுழியத்தைக் காட்டுவதில்லை. அதற்கு இன்னும் 102 மீட்டர் கிழக்கே நடக்கவேண்டும். மேலும் அக்கோடு இங்கிலாந்தின் ஊடே செல்வதால், கிழக்கையும் மேற்கையும் மாற்றி எழுதுவது அங்கு அடிக்கடி நிகழும் தவறாகும்.

பாதையும் உரிமையும்

இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ 225,000 கிமீ நீளமுள்ள பொதுவழிகள் உள்ளன. இவை பெரும்பாலும் தனியார் நிலத்தின் ஊடே செல்பவை. நிலம் உரிமையாளருடையது, கடந்துசெல்லும் உரிமை பொதுமக்களுடையது. நடப்பவர்க்கு மட்டுமான பாதை மஞ்சள் அம்பாலும், குதிரையும் மிதிவண்டியும் செல்லத்தக்கது நீல அம்பாலும் காட்டப்படும். ஆர்டினன்சு சர்வே நிறுவனத்தின் 1:25,000 அளவு வரைபடத்தில் இவை பச்சைக் கோடுகளாக உள்ளன. வயல் வேலிகள்கூட அதில் இருப்பதால் புதிர் நடைக்குப் பெரிதும் உதவும். 2000 ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று மலை, மேட்டுநிலம், புதர்வெளி ஆகியவற்றில் பாதையை விட்டு விலகி நடக்கவும் உரிமை தந்தது. இசுக்கொட்லாந்தில் 2003 ஆம் ஆண்டுச் சட்டம் இதைவிட விரிந்த உரிமையை அளிக்கிறது.

நடக்கும் உரிமை பெட்டி வைக்கும் உரிமை ஆகாது. அதற்கு நில உரிமையாளரின் ஒப்புதல் தேவை. குழி தோண்டிப் புதைத்தல், உணவுப்பொருள் வைத்தல் ஆகியன கூடா. பிரித்தானிய விளையாட்டாளர் சங்கத்தின் நெறிமுறைகளில் ஒன்று, சாந்தில்லாமல் கல்லடுக்கிக் கட்டிய வயற்சுவர்களில் பெட்டியை ஒளிக்கக்கூடாது என்பது. இது மிகையான கட்டுப்பாடாகத் தோன்றலாம். ஆனால் பெட்டி எந்தக் கல்லுக்குப் பின்னால் என்று தெரியாத நூறு பேர் நூறு கற்களை உருவிப் பார்த்தால் அச்சுவர் நிற்காது. சரிந்த இடத்தின் வழியே ஆடுகள் வெளியேறும். இழப்பு உழவருக்கு, பின்னர் அவர் ஒப்புதலை விலக்கிக்கொண்டால் நடை முழுவதுமே போய்விடும். திறந்திருந்த கதவைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியும் விட்டுச்செல்லவேண்டும் என்ற நாட்டுப்புற ஒழுக்கவிதிக்கும் காரணம் இதுவே.

இடர்கள்

கன்றுடன் கூடிய பசுக்கள் உள்ள வயலில், குறிப்பாக நாயுடன் செல்வோர், விலகிச் சுற்றிச் செல்வது நல்லது. புல்லிலும் பெரணிச் செடிகளிலும் இருக்கும் உண்ணிகள் லைம் நோயைப் பரப்பக்கூடியவை. நடை முடிந்ததும் கால்களைச் சோதிக்கவேண்டும். 2018 சூனில் செக் நாட்டின் பிராகா நகரில் நிலத்தடி நீர்க்கால்வாய்க்குள் பெட்டி தேடிச் சென்ற குழுவினர் திடீர் மழைவெள்ளத்தில் சிக்கி உயிரிழப்பு நேர்ந்தது. நிலக் கடினம் 5 என்ற மதிப்பீடு வெறும் அலங்காரம் அல்ல.

இடர் பிறருக்கும் நேரலாம். 2011 சூலையில் மேற்கு யார்க்சயரின் வெதர்பி நகரில், கடையொன்றின் வெளியே ஒருவர் ஐயத்துக்குரிய வகையில் ஏதோ பொருளைக் கையாண்டதாகத் தகவல் சென்றது. தெரு மூடப்பட்டு, வெடிகுண்டு அகற்றும் படையினர் அப்பொருளை வெடிக்கச்செய்து அழித்தனர். அது ஒரு புதையற்பெட்டி. பெட்டியின் வெளிப்புறத்தில் அது இன்னதென எழுதவேண்டும், இயன்றவரை ஒளி ஊடுருவும் கொள்கலனைப் பயன்படுத்தவேண்டும் என்பன இத்தகைய நிகழ்வுகளைத் தவிர்ப்பதற்கான அறிவுரைகள். விளையாட்டை அறியாதவர்களை, ஆரி பாட்டர் கதைகளிலிருந்து எடுத்த மகிள் என்ற சொல்லால் குறிப்பதும், அவர்கள் காணாதபடி பெட்டியை எடுப்பதும் மரபு. இந்த மறைவான நடவடிக்கையே ஐயத்தைத் தூண்டுகிறது என்பது இதிலுள்ள முரண். யாரேனும் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவதே எளிது.

பராமரிப்பு

புதிர் நடையின் ஆயுள் அதில் பயன்படும் அடையாளங்களின் ஆயுளே. வழிகாட்டிப் பலகை புதுப்பிக்கப்பட்டாலோ, ஐந்து சட்டக் கதவுக்குப் பதில் இரும்புக் கதவு போடப்பட்டாலோ வாய்பாடு முழுவதும் பிழையாகிவிடும். மைல்கல், போர் நினைவுத்தூண், தேவாலயக் கோபுரக் கடிகாரம் ஆகியவை நீண்ட நாள் நிற்பவை. ஒரேயோர் எண் மட்டும் கிடைக்காமற் போனால் நடப்பவருக்கு எஞ்சுவது பத்து விடைகளே. அவற்றை வரைபடத்தில் குறித்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு மட்டுமே பாதையோரம் விழும். இப்படி ஊகித்துக் கண்டுபிடிப்பதைப் பலர் தவறாகக் கருதுவதில்லை. விடையை மொத்தமாகப் பிறரிடமிருந்து வாங்கிக்கொள்வதையே குறைகூறுகின்றனர்.

பெட்டி கிடைக்காதவர் அதையும் பக்கத்தில் பதியவேண்டும். தொடர்ந்து பலர் அவ்வாறு பதிந்தால் உரிமையாளர் சென்று பார்க்கக் கடமைப்பட்டவர். அவர் கவனிக்காவிடில், தன்னார்வ மேற்பார்வையாளர் பெட்டியை முதலில் தற்காலிகமாக முடக்கி, பின்னர் ஆவணக்காப்புக்கு மாற்றுவார். அதன்பின் வரைபடத்தில் அப்புள்ளி தோன்றாது. நனைந்த குறிப்பேட்டுடன் ஏதேனுமொரு வேர்ப்பொந்தில் பெட்டி மட்டும் கிடக்கக்கூடும் என்பதால், அதை எடுத்து அகற்றும் பொறுப்பும் வைத்தவரையே சாரும்.